பெயின்டிங் வேலை முடிந்த பிறகு குறை சொல்லியே பாக்கிப் பணத்தை இழுத்தடிக்கும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் கேட்டதில் மூன்று தொல்லைகள் இருக்கின்றன. ராத்திரி டார்ச் அடித்துக் குறை காட்டுகிறார், "அப்படியே இதையும் அடிச்சுக் கொடுத்துடுங்க" என்று வேலையைக் கூட்டிக்கொண்டே போகிறார், கடைசிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தர மறுக்கிறார். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். எது முடிந்தால் வேலை முடிந்ததாகக் கணக்கு என்பதைப் பிரஷ்ஷை நனைப்பதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளவில்லை. எழுதாத வேலைக்கு முடிவு கிடையாது.

டார்ச் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், சண்டை அதிகம் வருவது அங்கேதான். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தால், கைக்குக் கூடத் தட்டுப்படாத மேடும் நிழல் விழுந்து பூதாகரமாகத் தெரியும். அந்த மேடுபள்ளம் பெரும்பாலும் பெயின்டால் வந்ததல்ல, கொத்தனார் சிமென்ட் பூசிய பூச்சுவேலையில் வந்தது. பெயின்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்க இழுக்கும் வெள்ளை சிமென்ட் பட்டி ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு தடவை இழுப்புக்கு, 1.5 மில்லிமீட்டர், மொத்தம் 3 மில்லிமீட்டர் வரைதான் தாங்கும். சுவரில் 6 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் பட்டி அதை நிரவாது. அடித்து நிரப்பினால் வெடிப்பு விடும், பிறகு பாளம் பாளமாகப் பெயரும். இதை வேலை முடிந்த பிறகு விளக்கினால் சாக்கு மாதிரிதான் கேட்கும். விலை சொல்லப் போகும் நாளிலேயே 2 மீட்டர் அலுமினியப் பட்டையைச் சுவரில் வைத்து, அடியில் தெரியும் இடைவெளியை அவர் கண்ணாலேயே பார்க்க வையுங்கள். "இந்தச் சுவரைப் பூச்சு தட்டிச் சரி பண்ணணுமா, இப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்டு, அவர் சொன்ன பதிலைக் கொட்டேஷனில் அந்தச் சுவருக்கு நேராக எழுதிவிடுங்கள்.

எந்தத் தூரத்திலிருந்து பார்த்துக் குறை சொல்வது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பெயின்டிங் கான்ட்ராக்டர்கள் சங்கத்தின் தரக்குறிப்பு ஒன்று 39 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தூரத்தில் நின்று, அறையின் வழக்கமான வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்கிறது. இது இரண்டு தரப்புக்கும் நியாயமான அளவு. ஆனால் சுவரை ஒட்டி மேலிருந்து ஒளி வழியும் விளக்கு அந்த அறையில் வரப்போகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். வரும் என்றால் அந்த வழக்கமான வெளிச்சமே டார்ச் வேலையைச் செய்துவிடும். அந்தச் சுவருக்குக் கூடுதலாக ஒருமுறை உப்புத்தாள் தேய்ப்பும், பளபளப்பில்லாத மேட் பெயின்டும் தேவை. விலையும் தனி.

வாடிக்கையாளர் சொல்லும் குறை சரியாக இருக்கும் இடங்களும் உண்டு, அங்கே வாதாடவே கூடாது. "நடுச் சுவரில் திட்டுத் தெரியுது" என்றால் பெரும்பாலும் தெரியத்தான் செய்யும். ரோலரில் அடித்த சுவரில் குறை தெரியும் இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் டச்சப் செய்தால் மேற்பரப்பின் நெளிவு வேறு, படலத்தின் கனம் வேறு, வெளிச்சம் படும்போது காட்டிக்கொடுத்துவிடும். அடர்ந்த நிறத்திலும் பளபளப்பு உள்ள பெயின்டிலும் திட்டாக டச்சப் செய்யாதீர்கள். மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதையும் ஒரு கோட் அடிப்பதுதான் தீர்வு. மெல்லிய நிற மேட் என்றால் அதே பேட்ச் (ஒரே தடவையில் தயாரான) பெயின்ட், அதே ரோலர் வைத்து ஒப்பேற்றலாம்.

"பெயின்ட் நானே வாங்கித் தர்றேன்" என்பவரிடம் இன்னொரு சிக்கல். பாதிச் சுவரில் தீர்ந்துபோய், ஓடிப்போய் வாங்கி வந்த வாளி வேறு பேட்ச் ஆக இருக்கும். நிறம் ஒரு நூல் மாறி, சுவரின் குறுக்கே கோடு விழும். பழி உங்கள் தலையில். அதனால் வாங்குவது யாராக இருந்தாலும் அளவுக் கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும். சுவர்ப்பரப்பு 40 சதுர மீட்டர், லிட்டருக்கு ஒரு கோட் சுமார் 10 சதுர மீட்டர் என்றால், இரண்டு கோட்டுக்கு 8 லிட்டர். அதோடு ஒரு லிட்டர் சேர்த்து ஒரே தடவையில் வாங்கச் சொல்லுங்கள். பேட்ச் எண் மாறியிருந்தால் எல்லா வாளியையும் ஒரு பெரிய டிரம்மில் கொட்டிக் கலக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஓதம், அதாவது உள் ஈரம், உள்ள சுவரில் விட்டுக்கொடுக்கவே கூடாது. புதுப் பூச்சு 28 நாளாவது காய வேண்டும். பழைய சுவரில் சந்தேகம் இருந்தால் 18 அங்குலச் சதுரமாகப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது. தாளைப் பிரிக்கும்போது வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்க வேண்டும், போட்டோவும் எடுங்கள். "குடிபோகத் தேதி வெச்சாச்சு, உரிஞ்சா உங்களைக் கேட்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தச் சுவரை விட்டுவிட்டு மற்றதை முடியுங்கள். உரிந்து தொங்கும் சுவரைப் பார்ப்பவர்கள் அந்தக் கடிதத்தைப் பார்க்கப் போவதில்லை, யார் அடித்தது என்றுதான் கேட்பார்கள்.

நிறத் தகராறுக்கு வழி சுலபம். ஷேட் கார்டை நம்ப வேண்டாம். 3 அடிக்கு 3 அடி, இரண்டு கோட் அடித்துக் காயவிட்டுக் காட்டுங்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் அடர்ந்துவிடும். காலையில் ஒருமுறை, விளக்கு போட்டு ஒருமுறை பார்க்கட்டும். வீட்டில் முடிவு சொல்லும் ஒருவர் யார் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, ஷேட் எண்ணை அவரிடமிருந்தே மெசேஜாக வாங்குங்கள்.

"அப்படியே இதையும்" என்று வரும்போது முகம் சுளிக்க வேண்டாம். "செய்யலாங்க. இதுக்கு இவ்வளவு ஆகும், ஒரு நாள் கூடும். சரின்னு ஒரு மெசேஜ் போட்டுடுங்க, நாளைக்கே எடுத்துடுறோம்." இவ்வளவுதான். பாதிப் பேர் அந்த மெசேஜை அனுப்ப மாட்டார்கள், வேலையும் கூடாது. உங்கள் ஆட்களிடமும் சொல்லி வையுங்கள்: வீட்டுக்காரர் எது கேட்டாலும் "மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்பதைத் தவிர வேறு பதில் வேண்டாம்.

பணத்தைக் கண்ணுக்குத் தெரியும் கட்டத்தோடு கட்டிப்போடுங்கள். முன்பணம் 30 சதவீதம், பட்டியும் பெயின்டுக்கு முன் அடிக்கும் பிரைமரும் முடிந்ததும் 30, முதல் கோட் முடிந்ததும் 30, கடைசியில் 10. கடைசியில் 40 சதவீதத்தை நிற்க விட்டால், அவருக்குக் குறை கண்டுபிடிக்கக் காரணத்தை நீங்களே கொடுக்கிறீர்கள்.

இப்போது மாட்டியிருக்கும் வேலைக்கு வருவோம். போனில் பேசாதீர்கள். பகலில் நேரில் போங்கள், கையில் ஒரு தாளும் மாஸ்கிங் டேப்பும் இருக்கட்டும். அவர் காட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஓர் அங்குல டேப் ஒட்டி அதன்மேல் எண் போடுங்கள். சுவரில் பேனாவால் குறிக்க விடவே கூடாது, பால்பாயின்ட் மை எமல்ஷன் அடித்தாலும் மேலே ஊறி வரும். முந்தைய கொத்தனாரைக் குறை சொல்லாமல், அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேராகச் செய்வது எது, செய்ய முடியாதது எது, ஏன் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். செய்வதாக ஒப்புக்கொண்டதை மூன்று நாளில் முடித்து, டேப்பைப் பிரித்து அதே எண் வரிசையில் காட்டுங்கள். மிச்சமான பெயின்டை மூடி, எந்த அறை, எந்த ஷேட், எந்த பேட்ச் என்று எழுதி ஒப்படையுங்கள். அன்று சாயங்காலமே ஒரு மெசேஜ் போகட்டும்: "நீங்க குறிச்சுக் கொடுத்த 14 இடத்துல 11 முடிச்சுக் காட்டியாச்சு. 4, 9, 12 பூச்சு வேலைன்னு தாள்லயே எழுதி நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பாக்கி 10 சதவீதம். நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"