உபுண்டுவிலிருந்து டெபியனுக்கு: வன்தட்டை அழிக்கும் முன்

கேள்வி: திருநெல்வேலியில் தனியார் கல்வி நிலையமொன்றில் கற்பிக்கிறேன். என் மடிக்கணினியில் உள்ள உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை முற்றாக நீக்கிவிட்டு, இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13 ஐ நிறுவ விரும்புகிறேன். வினாத்தாள்களையும் படங்களையும் பென் டிரைவில் பிரதி எடுத்துவிட்டேன். வேறு ஆயத்தம் ஏதும் தேவையா?

பதில்: தேவை. இப்படி மாறும்போது தொலைந்துபோகின்றவை பெரும்பாலும் நாம் நாளாந்தம் திறந்து பார்க்காத கோப்புறைகளில் கிடப்பவையே.

முதலில் எழுத்துருக்களைப் பாருங்கள். உங்கள் பழைய வினாத்தாள்கள் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையாயின் (இங்கே பலருடையவை அப்படித்தான் இருக்கின்றன), அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். டெபியனோடு பாமினி வருவதில்லை. எழுத்துருக் கோப்பு, உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறைக்குள் மறைந்தும் இருக்கலாம், கணினியின் பொதுவான எழுத்துருக் கோப்புறையில் அதற்கு வெளியேயும் இருக்கலாம் என்பதால், இரண்டு இடங்களிலும் தேடி எடுத்து, வினாத்தாள்களுடனேயே சேர்த்து வையுங்கள்.

அடுத்தது பயர்பாக்ஸ். உபுண்டு 22.04 இல் அது ஸ்னாப் (உபுண்டுவின் தனிப் பொதி முறை) வடிவில் வருவதால், புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் வழக்கமான இடத்தில் இல்லாமல் ஸ்னாப் கோப்புறைக்குள் இருக்கும். அதைக் கண்டுபிடித்து அப்படியே கொண்டுபோனாலும் பயன்படாமல் போகக்கூடும். டெபியன் தருவது பயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு, அது உங்களிடம் இருப்பதைவிடப் பழையதாயின், புதிய பதிப்பில் பயன்படுத்திய சுயவிபரத்தை (புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் அடங்கிய கோப்புறையை) திறக்க மறுத்துவிடும். ஆகவே புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் பயர்பாக்ஸின் உள்ளிருந்தே தனித்தனிக் கோப்புகளாக ஏற்றுமதி செய்யுங்கள். கடவுச்சொற் கோப்பு எவரும் வாசிக்கக்கூடிய வெறும் எழுத்தாக இருக்கும். டெபியனில் சேர்த்தவுடன் எல்லா இடங்களிலிருந்தும் அதை அழித்துவிடுங்கள்.

பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்பியிருப்பதை நான் ஏற்கமாட்டேன். வெளிவன்தட்டு ஒன்றிலும் முழு ஹோம் கோப்புறையையும், புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகள் உட்பட, ஒரே தொகுப்புக் கோப்பாகப் பிரதி எடுங்கள். அந்த வெளிவன்தட்டு ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டதாயின் 4 ஜிபியை விடப் பெரிய கோப்பு எதையும் ஏற்காது என்பதை முன்கூட்டியே கவனியுங்கள். பிரதி எடுத்தபின் வேறொரு கணினியில் செருகி, சில வினாத்தாள்களையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பி வன்தட்டை அழிக்காதீர்கள்.

டெபியனில் நேரடி இயக்க (லைவ்) பதிப்பையே பதிவிறக்குங்கள். கோப்பு பழுதின்றி வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா என்று பார்த்து, வேறொரு பென் டிரைவில் எழுதுங்கள். எழுதும்போது அதிலுள்ளவை அனைத்தும் அழிந்துவிடுமாதலால், வினாத்தாள்கள் உள்ளதைத் தொடாதீர்கள். எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கி, வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், மூடியை மூடித் திறந்தால் மீள எழுகிறதா என்பவற்றைச் சோதியுங்கள். 2023 இல் வந்த டெபியன் 12 முதல், வன்பொருளை இயக்கத் தேவையான, திறந்த மூலமல்லாத நிலைபொருளும் நிறுவற் பதிப்போடு சேர்ந்தே வருகிறது. இருப்பினும் பிராட்கொம் நிறுவனத்தின் சில பழைய வைஃபை சில்லுகளுக்கு அது போதாது. அப்படியானால் கைபேசியை யுஎஸ்பி வயரால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்து தேவையானதைத் தரவிறக்கலாம்.

நிறுவும் நாளில் மின்கலம் நிரம்பியிருக்க, மின்னேற்றியும் செருகப்பட்டிருக்கட்டும். மாரிகாலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. அதே கணினியில் விண்டோஸும் இருந்தால், முழு வன்தட்டையும் அழிக்கும் தெரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நிறுவியபின் ஆவணங்களையும் எழுத்துருக்களையும் மாத்திரம் திருப்பிப் போடுங்கள். உபுண்டுவின் பழைய அமைப்புக் கோப்புறைகளை அப்படியே மேலே கொட்டினால் முகப்புத் திரையில் இனந்தெரியாத கோளாறுகள் எழக்கூடும். உபுண்டுவுக்கென உருவான பிபிஏ மென்பொருட் களஞ்சியங்களையும் டெபியனில் சேர்க்காதீர்கள். தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளுடன், பல மொழி விசைப்பலகைகளைத் தரும் அதன் எம்17என் பொதியையும் நிறுவினால், நீங்கள் பழகியது ரெங்கநாதன் விசைப்பலகையாயினும் தமிழ்99 ஆயினும் அங்கேயே தெரிவு செய்துகொள்ளலாம்.