யன்னல் மூலை வெடிப்பு: பூசிவிடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் கால்வாய்ப் பக்கம் எங்கள் பழைய வீடு. போன மழைக்குப் பிறகு யன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஒரு வெடிப்பு கீழே இறங்குகிறது. மேசன் சீமெந்து பூசினால் சரி என்கிறார். பூசட்டுமா?
- வாசகி, கொழும்பு 6

பதில்: வேண்டாம் அக்கா, கொஞ்சம் பொறுங்கள். மயிரிழையாகப் பூச்சில் மட்டும் ஓடும் கீறலுக்கு மேசன் போதும், ஆனால் கல் இடுக்கு வழியே படியாக இறங்குவது பெரும்பாலும் அத்திவாரம் ஒரு பக்கம் தாழ்வதால் வருவது. கொழும்பின் தாழ்நிலங்களில் பல இடம் சதுப்பை நிரப்பி எடுத்தவை, அடியில் மக்கிய மண், சுமை ஏறினால் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும்.

வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள், அகலத்தையும் அளந்து வையுங்கள். மாதாமாதம் பாருங்கள். 5 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, கதவு இறுகினாலோ காத்திருக்காமல் கட்டமைப்புப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

அதற்குள் பீலித் தண்ணீர் சுவரடியில் கொட்டுகிறதா, கான் உடைந்து கசிகிறதா என்று பாருங்கள் (பல வீடுகளில் குற்றவாளி இதுதான்). அசைவு நின்ற பிறகுதான் சுவரைத் தைப்பது: கல் வரிசைகளுக்கு இடையே சாந்தைச் சுரண்டி, வெடிப்புக்குக் குறுக்கே துருப்பிடிக்காத கம்பி வைத்து மூடுவார்கள். அத்திவாரத்தையே பலப்படுத்த வேண்டி வந்தால் துண்டு துண்டாகத்தான் தோண்ட வேண்டும், ஒரே நாளில் முழு நீளமும் கிண்டித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.