பெயர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளைகள்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். பள்ளியைக் கூட்ட வரும் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் வகுப்புப் பையன்கள் அவரைப் பெயர் சொல்லி, "இங்க வா, இதைக் கூட்டு" என்கிறார்கள். அதே பிள்ளைகள் தெருவில் செட்டியார் வீட்டு ஆச்சிகளைப் பார்த்தால் அவ்வளவு பணிவாகப் பேசுகிறார்கள். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், மாறவில்லை. கண்டித்தால் வீட்டிலிருந்து சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது?

பதில்: நீங்கள் எழுதியதில் முக்கியமானது அந்த ஆச்சிகளைப் பற்றிய வரிதான். இந்தப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாமல் இல்லை. அதை யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு வேண்டாம் என்பதையும் சேர்த்தே வீட்டில் கற்றுக்கொண்டு வருகிறார்கள். நம் ஊர்ப்பக்கம் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்பதில் சாதிதான் முந்தி நிற்கிறது, வயது அப்புறம்தான். அதனால் "பெரியவர்களை மதிக்க வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் காதில் ஏறாது. தாங்கள் மதித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்றே அவர்கள் நினைக்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்களும் தலைமையாசிரியரும் அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? நான் பார்த்த பல பள்ளிகளில் ஆசிரியர்களே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மாற்றம் அங்கிருந்து தொடங்கட்டும். பிள்ளைகள் எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று அவரிடமே தனியாகக் கேளுங்கள். அத்தை, அப்பத்தா, ஆயா, எதுவானாலும் அவர் வாயிலிருந்து வரட்டும். நாளையிலிருந்து ஆசிரியர்கள் எல்லோரும் பிள்ளைகள் காதுபட அப்படியே கூப்பிடுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம்.

பெயர் சொன்ன பையனை எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதைச் செய்திருக்கிறேன். காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு பையனை நிறுத்தி, சத்துணவு சமைக்கும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அவன் கேட்பதற்குள், "விடுங்க டீச்சர், சின்னப் புள்ள" என்று அந்த அம்மா என்னிடம் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் வீட்டு வயலுக்குத்தான் அவர் நடவுக்குப் போகிறார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவருக்கு மரியாதை வாங்கித் தருவதாக நினைத்து, அவர் பிழைப்பில் கை வைத்திருக்கிறேன். பிள்ளைக்கு மன உளைச்சல் தருவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் தடை செய்கிறது. பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "நம்ம பள்ளிக்கூடத்துல அவங்களை இப்படித்தான் கூப்பிடுறோம்" என்று சொன்னாலே போதும்.

அடுத்தது துடைப்பம். வீட்டுப்பாடம் எழுதாதவனை வகுப்பைக் கூட்டச் சொல்லும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். கூட்டுவது தண்டனை என்று ஆகிவிட்டால், கூட்டுகிறவர் தண்டனைக்குரியவர் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். வகுப்பறையைப் பெயரின் எழுத்து வரிசைப்படி எல்லோரும் முறை போட்டுக் கூட்டட்டும். ஆண், பெண் பேதம் வேண்டாம். பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கட்டும், உங்கள் முறை வரும் நாளில் நீங்களே கூட்டுங்கள். கழிப்பறை வேலையை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது. உட்காரும் இடத்துக்கும் இதே வரிசை நல்லது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அரசுக்குத் தந்த அறிக்கையும் அதையே பரிந்துரைக்கிறது.

வீட்டிலிருந்து யாராவது வந்தால் சாதிப் பேச்சுக்குள் போகாதீர்கள். "இங்கே எல்லாரையும் முறை சொல்லித்தான் கூப்பிடுறோம், உங்க பிள்ளையும் நல்லாக் கூப்பிடுறான்" என்று சொல்லிவிடுங்கள். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், நீங்கள் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணி நிறைந்ததும் ஒரு நாள் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குக் குடிமைப் பாடம் எடுக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் எந்த வரத்துக்கால் வழியாக வருகிறது, குடிநீர் ஊருணியில் ஏன் யாரும் கால் கழுவுவதில்லை, கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் யார் போட்டது என்று கேளுங்கள். பேரறிவாளன் செல்வத்துக்கு வள்ளுவர் நீர் நிறைந்திருக்கும் ஊருணியைத்தான் உவமை சொன்னார் (குறள் 215). அப்புறம், "முன்னாடி இதுல எல்லாரும் தண்ணி எடுக்க முடிஞ்சுதா?" என்றும் கேளுங்கள். பாட்டி சொன்ன கதையை ஏதாவது ஒரு பிள்ளை சொல்லும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நியாய உணர்ச்சி அதிகம், "அது அநியாயம் டீச்சர்" என்று தானாகவே சொல்லும். பொதுக் கிணறு, குளம், படித்துறை, சாலை எதிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இடத்தின் பெயரோடு எழுதி வைத்திருப்பதை அப்போது சொல்லுங்கள். பாடநூலின் முதல் பக்கத்தில் "தீண்டாமை ஒரு பாவச்செயல்" என்று மனப்பாடமாகச் சொன்ன வரிக்கு அங்கேதான் பொருள் புரியும்.

போகும்போது, விருப்பமிருந்தால் அந்த அம்மாவையும் அழைத்துப் போங்கள். பழைய கதையைச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். எந்த மழைக்கு ஊருணி எந்தப் படிவரை நிறைந்தது என்று உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும், அதைச் சொல்லச் சொல்லுங்கள்.