மகளுக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாமா?

கேள்வி: அம்மா, வணக்கம். என் மகள் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு முதலாண்டு படிக்கிறாள். பிறவியிலேயே பார்வை மங்கல். மாற்றுத்திறனாளி அட்டையில் குறைபாடு 60 சதவீதம் என்று போட்டிருக்கிறது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் போர்டு தெரிவதில்லை. போன செமஸ்டரில் பாதிக் கேள்விக்குத்தான் எழுத முடிந்ததாம். எல்லோரும் பாவம் பார்ப்பார்கள் என்று கல்லூரியில் அட்டையைக் காட்டவே மாட்டேன் என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், பாபநாசம்)

பதில்: தங்கச்சி, உங்கள் மகள் கேட்கப்போவது சலுகை இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமே பரீட்சையில் கூடுதல் நேரத்தையும் சொல்வதை எழுத ஆள் (ஸ்கிரைப்) வைத்துக்கொள்வதையும் சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம், அதாவது மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதல். ஸ்கிரைப் வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றாலும் அந்த நேரம் உண்டு. அவளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

நான் வேலையில் இருந்தபோது ஸ்கிரைப் வைத்து எழுதும் பிள்ளைகளின் அறைக்குக் கண்காணிப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன். பாடம் கரைத்துக் குடித்த பிள்ளைகூட அங்கே தடுமாறும். சொல்லி எழுதவைப்பது தனி வித்தை. கல்லணையையும் கரிகாலனையும் பற்றி மடமடவென்று சொல்லிக்கொண்டே போவாள் ஒருத்தி. எழுதுகிற பிள்ளை மூன்று வரி பின்னால் இருக்கும். ‘சோழ’னில் ‘ழ’வுக்குப் பதில் ‘ள’ விழுந்திருக்கும், இவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர்கள்தான் நிதானமாக முடித்தார்கள். அதனால் ஸ்கிரைப் யார் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். பழைய வினாத்தாளை வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்து ஒத்திகை பார்க்க வேண்டும். கொஞ்சமாவது கண் தெரிகிறது என்றால், பெரிய எழுத்தில் வினாத்தாள் கேட்டுத் தானே எழுதுவதும் நல்ல வழி. எது தோது என்று அவளே முடிவு செய்யட்டும்.

வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். நோட்ஸை ஆசிரியரிடம் கோப்பாகவே கேட்டு வாங்கலாம். என்விடிஏ என்ற இலவச மென்பொருள் கம்ப்யூட்டரில் இருப்பதை வாசித்துக் காட்டும். ஒன்று மட்டும் கவனம்: பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த நோட்ஸை அது ஆங்கில எழுத்துகளாக உளறும். ஜெராக்ஸைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அப்படியே வாசிக்காது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் எழுத்தில் அடித்துத் தரச் சொல்லுங்கள். பல ஆசிரியர்களுக்கு இது தெரியாது, சொன்னால் செய்வார்கள்.

வெட்கத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் வகுப்பு முழுக்க அறிவிக்க வேண்டியதில்லையே. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவக் கல்லூரியில் சம வாய்ப்பு மையம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் துறைத் தலைவரிடம், அவர் அறையில் தனியாகப் பேசினால் போதும்.

அடுத்த செமஸ்டருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டும்போதே, அட்டை நகலோடு முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கட்டும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் ஒரு பிரதி. ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் ‘இனிமேல் முடியாது’ என்பார்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளட்டும். விண்ணப்பத்தை அவள் பெயரில் அவளே எழுதட்டும், நீங்கள் கூடப் போங்கள்.