முந்நூற்று எழுபத்தொன்பது டாலர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் குற்றப்புனைவு எழுத்தாளர் எல்மோர் லெனார்டின் ‘கெட் ஷார்ட்டி’ நாவலை வாசித்த கையோடு, 1995இல் வெளிவந்த அதன் திரைவடிவத்தையும் பார்த்தேன். உரையாடல்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டவர்கள் முடிவை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நாவலைப் படமாக்குபவர் எதற்கு உண்மையாக இருக்க வேண்டும், சொற்களுக்கா, கதைக்கா?

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

இந்த நாவலைப் பொறுத்தவரை சொற்களுக்குத்தான் என்று தயங்காமல் சொல்வேன். மயாமியில் கந்துவட்டி வசூலிக்கும் சில்லி பாமர், கடன்காரன் ஒருவனைத் துரத்திக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் வந்து, மலிவான பேய்ப்படங்கள் எடுக்கும் தயாரிப்பாளரிடம் தன் அனுபவத்தையே கதையாகச் சொல்கிறான் என்பதற்கு மேல் கதைச்சுருக்கத்தில் அதிகமில்லை. 1990இல் வெளிவந்த அந்த நாவலை இன்றும் நான் திரும்ப எடுப்பது அதன் மனிதர்கள் பேசும் விதத்துக்காகவே.

தொடக்கக் காட்சியை நினைத்துப் பாருங்கள். உணவகத்தில் மாட்டி வைத்த சில்லியின் தோல் ஜாக்கெட்டை வேறொருவன் எடுத்துப்போய்விடுகிறான். திரைக்கதையின் ஒரு வடிவத்தில் அதன் விலை 400 டாலர் என்று தோராயமான தொகையாக எழுதப்பட்டிருந்தது. முதலில் இந்தப் படத்தை மறுத்து, பிறகு இயக்குநர் குவென்டின் டரான்டினோ வற்புறுத்தியதால் ஏற்றுக்கொண்டு சில்லியாக நடித்த ஜான் ட்ரவோல்டா, நாவலில் உள்ள வசனமே வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அதில் சில்லி ஜாக்கெட்டின் நிறம், நீளம், கழுத்துமடிப்பு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, கிடைக்காவிட்டால் 379 டாலர் தர வேண்டும் என்கிறான். வட்டிக்கு விட்டுப் பிழைப்பவன் கணக்கில் ஒரு டாலரைக்கூட விடமாட்டான். அவன் குரலை உயர்த்தவும் தேவையில்லை, ஏனெனில் அந்த எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் எதிரே நிற்பவனுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. நமக்குச் சிரிப்பு வருவதும் அங்கேதான். 400 என்று சொல்லியிருந்தால் அது வெறும் மிரட்டலாகவே நின்றிருக்கும்.

வேடிக்கையான வசனம் ஒன்றை ஒருவர் பேசியதும் இன்னொருவர் சிரிக்கும் முகத்தைக் காட்ட வேண்டாம், இவர்கள் எல்லோரும் தாங்கள் பேசுவதை மெய்யாகவே நம்பிப் பேசுகிறவர்கள் என்று லெனார்ட் இயக்குநர் பாரி சோனன்ஃபெல்டிடம் கேட்டுக்கொண்டார். தம் நாவலைத் தழுவி, தாமே திரைக்கதையில் பங்கேற்ற ‘ஸ்டிக்’ (1985) படம் தந்த ஏமாற்றத்துக்குப் பின் அவர் இப்படிக் கேட்டதில் வியப்பில்லை. சோனன்ஃபெல்ட் அதை மதித்தார். ஜீன் ஹேக்மனைக் கவனியுங்கள்: அடியாட்களிடம் வீராப்பாகப் பேசி அடிவாங்கும் அந்தத் தயாரிப்பாளரை, தான் நகைச்சுவைப் படத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாத ஒருவராக அவர் நடித்திருக்கிறார்.

இனி, நீங்கள் கேட்ட படத்தின் முடிவுக்கு வருகிறேன். நாவலில் சில்லியும் மற்றவர்களும் தங்கள் படத்தை எப்படி முடிப்பது என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். முடிவு அமைப்பது பார்ப்பதுபோல் எளிதல்ல என்ற அவனது அலுப்போடு புத்தகம் முடிந்துவிடுகிறது. புத்தகப் பக்கத்தில் அழகாக அமைந்த அந்த எண்ணத்தைத் திரையில் அப்படியே வைத்தால் பார்வையாளருக்கு ஒன்றும் நிகழாததுபோல் இருக்கும். எனவே திரைக்கதையாசிரியர் ஸ்காட் ஃபிராங்க், நாம் கண்டுகொண்டிருந்த சண்டை சட்டென்று ஒரு படப்பிடிப்புக் காட்சியாக மாறும்படி செய்தார். அந்தப் படப்பிடிப்பில் சில்லியாக, கதையில் பிரபல நடிகராக வரும் டேனி டிவிட்டோவின் பாத்திரம் நடிக்க, சில்லியின் பகைவனாக நடிகர் ஹார்வி கைட்டல் வந்து நிற்கிறார். நிகழ்வு மாறினாலும், இவர்கள் வாழ்க்கையையே காட்சி காட்சியாகப் படம்பிடித்துப் பார்ப்பவர்கள் என்ற நாவலின் சேதி அதில் முழுமையாக இருக்கிறது. நீங்கள் இதைத் துரோகமாகக் கருத வேண்டியதில்லை.

என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. பேய்ப்படங்களில் அலறி நடித்து ஓய்ந்த நடிகை கேரன் ஃப்ளோரஸின் மனத்துக்குள் நாவல் பலமுறை நுழைகிறது. சுற்றியுள்ள ஆண்களை அவள் எடைபோடுவதை அங்கே நாம் கேட்கிறோம். திரையில் ரெனே ருஸ்ஸோ எவ்வளவோ நன்றாக நடித்தும் அந்தக் குரல் நமக்குக் கிடைப்பதில்லை. மறுபடி வாசிக்கும்போது அவளுடைய பகுதிகளை மட்டும் தனியே எடுத்து வாசித்துப் பாருங்கள்; உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.

அன்புடன்.