அப்பா நினைவாக ஆலிவ் கன்று நடலாமா?

கேள்வி: போன மாதம் அப்பா தவறிவிட்டார். செங்கல்பட்டு பக்கம் எங்கள் மனையில் அவர் நினைவாக ஒரு மரம் நட ஆசை. அமைதியின் சின்னம் என்பதால் ஆலிவ் கன்று வைக்கலாமா? அஸ்தியில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறோம். அதைக் குழியில் போட்டால் மரத்துக்கு நல்லதா?

பதில்: ஆலிவ் வேண்டாம். நல்ல குளிர்காலம் இருந்தால்தான் அது பூக்கும். ராஜஸ்தானில் காய்க்கிறது என்றால் அங்கே அந்தக் குளிர் உண்டு. உங்கள் ஊரில் வெறும் இலைதான். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கினால் வேரும் அழுகும். தேக்கு வைக்கச் சொல்லவும் ஆள் வருவார்கள். தேக்கை வைத்தால் என்றைக்காவது வெட்டி விற்கும் யோசனை வந்தே தீரும். அரசும் ஆலும் சுவரைப் பிளக்கும்.

மகிழம் வையுங்கள். மெதுவாகத்தான் வளரும், ஆனால் நீண்ட காலம் நிற்கும், மொட்டையாகவும் ஆகாது. பூ காய்ந்து பழுப்பான பிறகும் மணக்கும். திருவொற்றியூர் கோயிலின் தல மரம் இதுதான். சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது அந்த மகிழத்தடியில் (அப்புறம் பிரிந்தது வேறு கதை).

அஸ்தி உரமாகாது. எலும்புச் சாம்பலில் கால்சியமும் பாஸ்பரஸும் இருக்கின்றன, சரி. ஆனால் அவை கரைந்து செடிக்குக் கிடைக்க வெகுகாலம் ஆகும். அதற்கு முன்பே அதிலுள்ள உப்பும் காரத்தன்மையும் இளவேரைத் தாக்கிவிடும்; இலை ஓரம் தீய்ந்து சுருளும். நினைவு மரம் பட்டுப்போனால் வீட்டில் அதைச் சகுனமாக வேறு பேசுவார்கள். அதனால் ஒரு கைப்பிடி போதும். நாலைந்து கூடை மண்ணும் மட்கிய தொழுவுரமும் சேர்த்து நன்றாகக் கலந்து, வேர் நேரடியாகப் படாதபடி குழியின் அடியில் போடுங்கள். மீதியை உங்கள் வழக்கப்படி கடலிலோ ஆற்றிலோ கரைத்துவிடலாம்.

குழி இரண்டடி நீளம், அகலம், ஆழம். சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி எடுங்கள். புரட்டாசியில் நட்டால் மழை பார்த்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பையைக் கிழித்ததும் வேர் சுருண்டு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் பிரித்துவிட்டு நடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் கட்டாயம்.

பெயர்ப்பலகை வைப்பதானால் மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், கம்பியும் கட்டாதீர்கள்; தண்டு பருக்கும்போது கம்பி உள்ளே இறங்கிவிடும். பக்கத்தில் தனியாக ஒரு கல் நட்டு அதில் பெயரைப் பொறித்துவிடுங்கள்.