ட்ரெயில் ரன்னிங்கில் ஆர்வம் குறையாமல் தொடர்ந்து ஓடுவது எப்படி?

சாலையில் பத்து கிலோமீட்டர் வரை ஓடியிருக்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு மாதத்தில் சலித்துப்போய் நிறுத்திவிடுகிறீர்கள். ட்ரெயில் ரன்னிங்குக்கு, அதாவது மலைப்பாதையில் ஓடுவதற்கு, மாறினால் ஆர்வம் நிலைக்குமா, ஓடுகிறவர்களுக்கு அது எப்படி நிலைக்கிறது, ஷூவை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பரிசு வாங்குகிற ஓட்டக்காரன் இல்லை. வேலை நேரம் போக மிச்சத்தில் ஓடுகிறவன். பந்தயங்களில் நடுவரிசைக்குச் சற்றுப் பின்னால்தான் வந்து சேருவேன். அந்த இடத்திலிருந்து சொல்வதென்றால், ஆர்வம் எனக்கும் நிலைப்பதில்லை. வருஷத்தில் சில வாரங்கள் ஷூவைப் பார்க்கவே பிடிக்காது. ஆனாலும் திரும்பத் திரும்பப் போகிறேன். அதற்கு மன உறுதி காரணமில்லை. ட்ரெயிலில் ஓடுவது ஒரு வித்தை, அதில் எனக்குக் கைவராதது இன்னும் நிறைய இருக்கிறது. அதுதான் இழுக்கிறது.

சாலை ஓட்டத்தில் கொஞ்ச காலத்துக்குப் பிறகு கற்றுக்கொள்ள அதிகம் இருப்பதில்லை. நுட்பம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு எல்லாம் கடைசியில் ஒரே எண்ணில் வந்து நிற்கும்: கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம். முதல் சில மாதங்கள் அந்த எண் வேகமாகக் குறையும், உற்சாகமாக இருக்கும். அப்புறம் நின்றுவிடும். ஒரு வாரம் உடம்பு சரியில்லாமல் போனால் பின்னால் போகும். நீங்கள் சொல்லும் இரண்டு மாதக் கணக்கு இங்கேதான் வருகிறது என்று நினைக்கிறேன். சலிப்பது ஓட்டம் இல்லை, அந்த எண்.

மலைப்பாதையில் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஒரே ஆள், ஒரே உழைப்பு, ஒரு கிலோமீட்டர் ஆறு நிமிடத்தில் போகும், அடுத்த கிலோமீட்டர் பதினெட்டு நிமிடம் இழுக்கும். சர்வதேச ட்ரெயில் ரன்னிங் சங்கம் பந்தயங்களின் கடினத்தை அளக்க எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறது. ஏறும் ஒவ்வொரு நூறு மீட்டர் உயரத்துக்கும் தூரத்தில் ஒரு கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்து கிலோமீட்டர் பாதையில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் அது பதினாறுக்குச் சமம். இதற்கு வெகுகாலம் முன்பே, 1892இல், ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் நடப்பவர்களுக்கு இதே மாதிரி ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். இரண்டிலும் பாறை, சேறு, வேர் எதுவும் கணக்கில் இல்லை. அதனால் நான் தூரத்தைப் பார்ப்பதை விட்டு, பாதையில் இருந்த நேரத்தை மட்டும் பார்க்கிறேன். இன்று ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். எவ்வளவு தூரம் போனேன் என்பது பாதை முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

ஏற்றத்தில் நடக்கலாமா என்ற கேள்வி உங்களுக்குக் கட்டாயம் வரும். நடக்கலாம். நடக்கத்தான் வேண்டும். நூறு மைல் பந்தயங்களில் முதலிடம் பிடிக்கிறவர்களே செங்குத்தான இடங்களில் தொடையில் கை ஊன்றி நடக்கிறார்கள். சரிவு ஒரு அளவுக்கு மேல் போனால் ஓடுவதும் வேகமாக நடப்பதும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான், ஓடுபவருக்கு மட்டும் மூச்சு அதிகம் வாங்கும். சாலையிலிருந்து வருபவர்களுக்கு இது முதலில் தோல்வி மாதிரித் தெரியும். கொஞ்ச நாளில் போய்விடும், விளக்கம் தேவையில்லை.

இறக்கத்தைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். என் ஆர்வம் உயிரோடு இருப்பதற்குப் பாதிக் காரணம் இறக்கம்.

இத்தாலிய ஆய்வாளர் ஆல்பர்ட்டோ மினெட்டியும் அவர் குழுவும் மலை ஓட்டக்காரர்களை வைத்து வெவ்வேறு சரிவுகளில் ஓட எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளந்து 2002இல் வெளியிட்டார்கள். சுமார் 20 சதவீதச் சரிவில் கீழ்நோக்கி ஓடும்போது செலவு மிகக் குறைவு, சமதளத்தில் ஆவதில் ஏறக்குறைய பாதிதான். அதாவது நுரையீரலுக்கு அது இலவசம். ஆனால் பெரும்பாலான அமெச்சூர்கள் அந்த இலவசத்தை வாங்கிக்கொள்வதில்லை, ஏனென்றால் பயம். பயந்தால் உடம்பு பின்னால் சாயும், கால் முன்னால் நீளும், குதிகால் முதலில் விழும். ஒவ்வோர் அடியும் பிரேக் ஆகிவிடும். பிரேக் பிடிப்பது முன் தொடைத் தசை. நீளும்போதே சுமையும் தாங்க வேண்டியிருப்பதால் அதில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள் மாடிப்படி இறங்கும்போது தெரியும் வலி இதுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை ஒன்று உண்டு. ஒருமுறை இப்படி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்குள் அதே வேலையைச் செய்தால் அவ்வளவு வலிப்பதில்லை. உடம்பு அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. ஆகவே முதல் இறக்க ஓட்டத்தைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள். இரண்டாவது முறை வரும் வித்தியாசமே போதும், எந்த ஊக்கப் பேச்சும் வேண்டாம்.

தசைக்குப் பிறகு கண். புதிதாக வருபவர்கள் தங்கள் பாதத்தையே பார்த்து ஓடுவார்கள். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் திடீரென்று வரும். மூன்று நான்கு மீட்டர் முன்னால் பார்க்க வேண்டும். அங்கே கால் வைக்க வேண்டிய இடத்தைக் கண் முடிவு செய்துவிடும், அங்கே போய்ச் சேரும்போது கண் இன்னும் முன்னால் போயிருக்கும். வேகம் கூடக் கூடப் பார்வையும் தள்ளிப்போக வேண்டும். அடிகள் குட்டையாக, படபடவென்று. கைகளைப் பக்கவாட்டில் விரித்துவிடுங்கள், அழகாக இருக்காது, பரவாயில்லை. ஈரமான வேரின் மேல் மட்டும் மிதிக்க வேண்டாம், தாண்டிப் போங்கள். பாறைகூடப் பிடி கொடுக்கும், ஈர வேர் கொடுக்காது.

இதெல்லாம் சேர்ந்து ஒரு நாள் அமைந்துவிட்டால், நூறு மீட்டர் இறக்கம் முழுக்க மனதில் வேறு எதுவும் இருக்காது. அலுவலக மின்னஞ்சல் எதுவும் அந்த நேரத்தில் நினைவுக்கு வர முடியாது, வந்தால் விழுந்துவிடுவோம். தியானம் என்றெல்லாம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சம். கவனம் என்று சொன்னால் போதும்.

உடல்தகுதி ஏறும், இறங்கும். காய்ச்சல் வந்தால் போய்விடும், வேலை அதிகமானால் போய்விடும், வயது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் கல்லும் வேரும் கலந்த பாதையில் இறங்கத் தெரிந்த கால் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. நீச்சலும் அப்படித்தான். இரண்டு மாதம் இடைவெளி விட்டுத் திரும்பும்போது மூச்சு வாங்கும், ஆனால் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறோம் என்ற எரிச்சல் இருக்காது. உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் ஒரே யோசனை இதுதான்: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சின்னக் கேள்வியோடு போங்கள். அந்தச் சரளை வளைவில் இன்று பிரேக் பிடிக்காமல் இறங்க முடியுமா? இந்த ஏற்றத்தை ஒரு முறைகூட நிற்காமல் நடந்து முடிக்க முடியுமா? மூக்கால் மட்டும் மூச்சு விட்டு எவ்வளவு நேரம் போக முடியும்? பதில் இல்லை என்று வந்தாலும் அடுத்த வாரம் போக ஒரு காரணம் கிடைக்கும்.

சரி, போகவே பிடிக்காத நாட்கள்? அவற்றில் இரண்டு வகை. ஒன்று வெறும் சோம்பல், கிளம்பிப் பத்து நிமிடம் ஆனதும் காணாமல் போய்விடும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடுவேன், குற்ற உணர்ச்சி கிடையாது. இரண்டாவது வகை வேறு. வாரக்கணக்கில் பிடிக்கவில்லை, தூக்கம் சரியில்லை, காலையில் எழும்போதே நாடித் துடிப்பு வழக்கத்தைவிட அதிகம், எளிய ஓட்டம்கூடக் கனமாக இருக்கிறது. இதை ஆர்வக் குறைவு என்று நினைத்துத் தன்னைத் தானே விரட்டிக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அது களைப்பு, ஓய்வு கேட்கிறது. ஓய்வெடுத்தும் மாறவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இரும்புச்சத்துக் குறைவும் இப்படித்தான் காட்டும்.

சலிப்புக்கு இன்னொரு பெரிய காரணம், எளிதாக ஓட வேண்டிய நாளில் வேகமாக ஓடுவது. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள், ஏற்றம் என்றால் நடங்கள். வாரத்தில் பெரும்பாலான ஓட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும். ஓடிய கணக்கை எல்லோரும் பார்க்கும்படி செயலியில் ஏற்றும் பழக்கம் இதற்கு எதிரி. நாலு பேர் பார்க்கப்போகிறார்கள் என்றால் யாருக்கும் மெதுவாக ஓட மனம் வராது. நான் பதிவு செய்கிறேன், யாருக்கும் காட்டுவதில்லை.

பந்தயம் வேண்டுமா என்றால், ஒன்று இருக்கட்டும், நிறைய வேண்டாம். நாட்காட்டியில் ஒரு தேதி இருந்தால் வாரத்துக்கு ஒரு வடிவம் கிடைக்கும். ஆனால் பந்தயம் முடிந்த மறுவாரம் ஒரு வெறுமை வரும், பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அந்த வாரத்துக்கு முன்கூட்டியே எந்தத் திட்டமும் இல்லாத ஓட்டம் ஒன்றைப் பிடித்த பாதையில் வைத்துக்கொள்வேன்.

நூறு மைல் ட்ரெயில் பந்தயம் ஒன்று தொடங்கிய விதமே எனக்குத் தெம்பு கொடுக்கும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நூறு மைல் தூரத்தை 24 மணி நேரத்துக்குள் கடக்கும் குதிரைப் பந்தயம் ஒன்று இருக்கிறது. 1973இல் கோர்டி எய்ன்ஸ்லி என்பவரின் குதிரை நொண்டத் தொடங்கியதால் பாதியில் விலக நேர்ந்தது. அடுத்த வருஷம், 1974இல், அவர் குதிரையே இல்லாமல் வந்து, குதிரைகளோடு சேர்ந்து ஓடி, 24 மணி நேரம் ஆவதற்குச் சற்று முன்பே முடித்துவிட்டார். இன்றைய வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் பந்தயம் அதிலிருந்து வந்ததுதான். இப்போது அதற்குக் காலக்கெடு 30 மணி நேரம். 2015இல் எழுபது வயதான குன்ஹில்ட் ஸ்வான்சன் அதை 29 மணி 59 நிமிடம் 54 நொடியில் முடித்தார். ஆறு நொடி மிச்சம். அந்த வருஷம் யார் முதலில் வந்தார் என்று கேட்டால் நான் யோசிக்க வேண்டியிருக்கும். இவரை யோசிக்காமல் சொல்வேன். முன்வரிசையில் எனக்குப் பிடித்தவர் கோர்ட்னி டவால்டர். 2023இல் ஒரே கோடையில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், யூடிஎம்பி என்ற சுமார் நூறு மைல் மலைப் பந்தயங்கள் மூன்றையும் பெண்கள் பிரிவில் வென்றவர். பயிற்சியாளரோ எழுதி வைத்த அட்டவணையோ இல்லாமல், அன்றன்று உடம்பு சொல்வதைக் கேட்டு ஓடுவதாகச் சொல்பவர். அவருக்குச் சரிப்படுவது எல்லோருக்கும் சரிப்படும் என்று இல்லை. ஆனால் அட்டவணை தவறியதற்காக வருந்துகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

கூட ஓட ஆள் கிடைத்தால் நல்லது. உங்களைவிடச் சற்று மெதுவானவராக இருந்தால் இன்னும் நல்லது, எளிய ஓட்டம் எளிதாகவே இருக்கும். தனியாகப் போனால் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போன், விசில், இருட்டும் வாய்ப்பு கொஞ்சம் இருந்தாலும் ஹெட்லேம்ப், உடம்புச் சூட்டைக் காக்கும் மெல்லிய ஃபாயில் போர்வை: எல்லாம் சேர்த்தும் எடை பெரிதாக வராது.

தொடக்கத்துக்கு வாரத்தில் ஒரு சாலை ஓட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ட்ரெயிலை வையுங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும். கணுக்கால் பழக நேரம் எடுக்கும். பல் தேய்க்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்பது சும்மா செய்யக்கூடிய பயிற்சி. முன்பு கணுக்கால் பிசகியவர் என்றால் இதைத் தவறவிட வேண்டாம், ஒருமுறை பிசகியது மறுபடி பிசகும் வாய்ப்பு அதிகம்.

ஷூ: காய்ந்த, கெட்டியான மண்பாதை என்றால் இப்போது வைத்திருக்கும் சாலை ஷூவே போதும், உடனே வாங்க ஓடாதீர்கள். சேறும் சரளையும் செங்குத்தும் வரத் தொடங்கியதும் அடிப்பகுதியில் நான்கைந்து மில்லிமீட்டர் பற்கள் உள்ள ட்ரெயில் ஷூ வேண்டும். வாங்கும்போது சாய்வான இடத்தில் கீழ்நோக்கி நின்று பாருங்கள். விரல் முன்னால் போய் முட்டினால் அரை அளவு பெரிதாக எடுங்கள், இல்லையென்றால் முதல் நீண்ட இறக்கத்திலேயே கட்டைவிரல் நகம் கறுத்துவிடும்.